இறங்கிக்கொண்டே போன ஷட்டர்

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கோகிலவாணியை மகனுக்குக் கல்யாணம் செய்து கூட்டிவந்த மூன்றாம் நாள், பொள்ளாச்சி குமரன் லேஅவுட் மூன்றாவது வீதியில், நார் மில் நாச்சிமுத்து வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டர் மூடியது மூடியபடி நின்றது. அதற்கப்புறம் அது ரிமோட்டுக்கும் திறக்கவில்லை, சாவிக்கும் திறக்கவில்லை, கடப்பாரைக்கும் திறக்கவில்லை, வாசலில் உடைத்த பூசணிக்காய்க்கும் திறக்கவில்லை, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகும் திறக்கவில்லை. உள்ளே, மண்டபத்தில் சுற்றிய சரிகை ரிப்பன்கூட அவிழாமல், மேலே போட்ட சம்பங்கி மாலை சருகாகிப் போய், மொத்தமே பதினோரு கிலோமீட்டர் ஓடியிருந்த ஒரு சிவப்புக் கார் நின்றது. அந்தக் காரின் முன்சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள், பத்தாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. பொருளாதாரம் வரைக்கும் கோகிலவாணி படித்து வாங்கிய அத்தனை சான்றிதழ்களும். மண்டபத்துக் களேபரத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று அவளுடைய அப்பா தண்டபாணிதான் அதை அங்கே வைத்தார்.

வீதிக்குக் கார் கவலை, அவளுக்குப் பை கவலை. கோயமுத்தூரில், பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்காவிட்டால், இடம் அடுத்த பேருக்குப் போய்விடும். வீட்டில் இதை அவள் நான்கு முறை சொன்னாள். நான்கு முறையும் மாமியார் வசந்தாமணி ஒரே பதிலைச் சொன்னாள்: முதலில் வண்டி வெளியே வரட்டும்.

ஷட்டர் மூடிய விதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. புது வண்டிக்குப் பூசை போட்டார்கள், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், உறவுக்கார ஆண்கள் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். ஒரு பெரியப்பா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதைப் பேசி வாங்கினதா என்று விசாரித்தார். நாச்சிமுத்து வண்டியை உள்ளே விடச் சொல்லிவிட்டு, பாதி இறங்கியிருந்த ஷட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் அத்தனை கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னார்.

"நாங்க ஒண்ணுமே கேக்கலீங்க. அவிங்களாப் பிரியப்பட்டு, அவிங்க பொண்ணுக்கு அவிங்க செஞ்சாங்க."

ஷட்டர் கிர்ரென்று இறங்கித் தரையைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் இன்னும் ஒரு விரற்கடை, சிமெண்டுத் தரையில் ஒரு கீறல் விழாமல், தயிரில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கி நின்றது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அதற்குள் பந்திக்குத் திரும்பியிருந்தார்கள்.

மறுநாள் இதயத்துல்லா பாய் வந்தார். அந்த வட்டாரத்தில் கடை ஷட்டர், மில் ஷட்டர், கல்யாண மண்டபத்து ஷட்டர் எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். ரிமோட்டில் புது பேட்டரி போட்டார். வெளிப்பக்கம் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தார், அது பால் குடித்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. ஸ்பிரிங்கைத் தட்டினார், இழுவை இருந்தது. இரண்டு பக்கத்துச் சேனலிலும் கிரீஸ் தடவினார். கரண்டை நிறுத்திவிட்டுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார், நார் மில்லிலிருந்து வந்த நான்கு ஆட்களும் சேர்ந்து தொங்கினார்கள், சங்கிலி வந்தது, உருளை சுற்றியது, ஷட்டர் மட்டும் வரவில்லை. கடைசியில் கீழிருந்து ஒவ்வொரு பட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீஸால் எண் எழுதிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பழுதுன்னு சொன்னா நாம் பொய் சொன்னதாயிருமுங்க. இதுல எந்தப் பழுதும் இல்ல. அது வரமாட்டேங்குது, அவ்வளவுதான்."

புதன்கிழமை திரும்ப வந்தபோது ஒன்றாம் எண்ணைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டையும் மூன்றையும் காணவில்லை. தரை அப்படியே இருந்தது, ஷட்டர் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. கேஸ் கட்டர் கொண்டுவந்து வெட்டினார்கள். நெருப்பு ஒரு சாண் போய்த் திரும்புவதற்குள் வெட்டின இடம் சதைபோல் ஒட்டிக்கொண்டது, தொட்டால் லேசாகச் சுட்டது. சுவரை இடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாஸ்துக்காரர் வந்து, அது ஈசான மூலை, அதில் கை வைத்தால் குடும்பமே இருக்காது என்று எழுந்து நின்று கும்பிட்டார். ஆக, சுவர் தப்பித்தது. பழி மட்டும் மிச்சமிருந்தது, அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்தது இரண்டே பொருள்: ஒன்று கார், இன்னொன்று கோகிலவாணி. கார் உள்ளே இருந்தது.

"கால் வெச்ச ராசி அப்படி," என்று வசந்தாமணி அரிசி களைகிற சத்தத்துக்கு மேலே சொல்வாள், யாருக்கும் சொல்லாததுபோல, எல்லோருக்கும் கேட்பதுபோல. "எங்கூட்டு ஷட்டர் எட்டு வருசமாத் தொறந்து மூடீட்டுத்தான் இருந்துது."

கோகிலவாணி வாயை மூடிக்கொள்கிற சாதியில்லை. எட்டு வருஷமாக அதற்குள் ஒரு மொபெட்டும் தேங்காய் மட்டையும்தானே அத்தை இருந்தது, காரை வைத்த பிறகுதானே மூடியது, அப்படியென்றால் ராசி காருக்கா எனக்கா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்காமல், மேஜைமேல் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். அவள் கணவன் நவநீதன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், காதில் மாட்டினதைக் கழற்றாதவன். அம்மா பேசும்போது ஒரு காதையும் இவள் பேசும்போது இன்னொரு காதையும் தடவிக்கொண்டான். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் வாசலுக்கு வந்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போவான். அதுதான் குடும்ப விவகாரத்தில் அவன் எடுத்துக்கொண்ட பங்கு.

வீதி இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. டவுன் பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு ஷட்டர் வீடு என்று பேர் வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இன்றைக்கு எந்த எண் தரைக்குள் போனது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் நிலத்தடி நீர் என்றார்கள், மின்காந்தம் என்றார்கள், வேற்றூர்ச் சிமெண்டு என்றார்கள். மழை நாளில் ஷட்டர் கதகதப்பாக இருந்ததால் கீரைக்காரம்மா கூடையை அங்கேயே இறக்கி, முதுகைச் சாய்த்துக்கொண்டு வியாபாரம் பார்த்தாள். சளி பிடித்த கைக்குழந்தையைக் கொண்டுவந்து நெஞ்சு படும்படி சாத்திவைத்தால் கபம் இளகுகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் வாசலில் பத்துத் தாய்மார்கள். அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொந்தரவு என்றுதான் சொன்னார்கள்.

புரட்டாசி முடிகிறபோது எதிர்வீட்டுக் கொப்பரை வியாபாரி மாரப்பனின் ஷட்டர் நின்றது. அடுத்த நாள் மூலை வீடு. ஒரு வாரத்தில் வீதியில் ஏழு ஷட்டர் நின்றன, எட்டாவதாக எஸ்தர் டீச்சருடையது மட்டும் நிற்கவில்லை. எஸ்தர் டீச்சர் தன் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கின ஒரு சாம்பல் நிறச் சின்னக் காரை வைத்திருந்தார். காலை எட்டேகாலுக்கு அவர் ஷட்டர் சர்ரென்று மேலே போகும் சத்தம் மூன்றாவது வீதிக்குப் பொறுக்க முடியாததாக ஆனது. ஏனென்றால் எந்த ஷட்டர் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதற்குள் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கு வீதியில் எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பதற்கு எல்லோரும் ரொம்பப் பாடுபட்டார்கள். மாரப்பன் பத்து வருஷமாகத் தன் வண்டியைத் தானே சம்பாதித்து வாங்கினதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவர் ஷட்டர் நின்ற அன்று அவர் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்தாள், வெகுநேரம் சிரித்தாள், கீழே இருந்து அவர் சும்மா இரு என்று சொல்லச் சொல்லச் சிரித்தாள். ஷட்டர் நிற்பதற்குள் வண்டியை வெளியே எடுத்து வீதியில் நிறுத்தினவர்கள் இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டார்கள்; யாரும் ஒன்றும் சொல்லாமலே, தாங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் பக்கத்து வீதியில் விசாரிக்கும்போது ஜாதகம், நிலம், படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஷட்டர் எப்படி என்று கேட்டார்கள்.

குடியிருப்போர் சங்கம் கூடியது. இனி யாரும் இதைப் பற்றி வெளியாட்களிடம் பேசக் கூடாது, யாராவது கேட்டால் ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. என்ன பதில் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகப் பிரியப்பட்டுச் செய்தார்கள். ஏழு வீட்டுக்காரர்களும் அதை ஒருதரம் சேர்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஏழு ஷட்டரும் ஒரே நேரத்தில் ஒரு பட்டை இறங்கின.

இதை முதலில் பிடித்தவர் இதயத்துல்லா பாய்தான். பதினான்காவது முறையாக வந்து ஒன்றும் நடக்காமல் கருவிகளைப் பையில் போடும்போது, வாசல் தெளிக்க வந்த கோகிலவாணியிடம், ஷட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். நான் வருகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் மாமனார் பக்கத்தில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறார், சொன்ன கையோடு அது ஒரு பட்டை போகிறது, முப்பது வருஷமாக ஷட்டர் பார்க்கிறேன், இதற்கு நான் போட கிரீஸ் இல்லை.

"அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கம்மா. நாஞ் சொன்னா பாய் மதக்கலவரம் பண்றாரும்பாங்க."

அவள் மாமனாரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் ஷட்டரிடமே போனாள். கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம் வீடு சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, முக்காலியைப் போட்டு ஷட்டருக்கு எதிரே உட்கார்ந்து, கல்லூரி மேடையில் பேசுகிற மாதிரி விரல் விட்டுப் பேசினாள். பொய் சொன்னால் நீ இறங்குகிறாய், ஆகவே உண்மை சொன்னால் நீ ஏற வேண்டும், இதை நீ மறுக்க முடியாது என்று ஆரம்பித்தாள். இந்த வீட்டில் கேட்டார்கள். நேராகக் கேட்காமல், 'பையனுக்கு மழையில நனைஞ்சா ஒத்துக்காது' என்று கேட்டார்கள், 'எங்க மூத்த மருமகன் வீட்டுல ரெண்டு வண்டி நிக்குது' என்று கேட்டார்கள். நெகமத்தில் என் அப்பா நாற்பத்திரண்டு தென்னை வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் அவர் பேர் வைக்கவில்லையே தவிர முகம் தெரியும், அத்தனையும் இந்தத் தகரத்துக்குள் நிற்கிறது. தோப்பை விற்ற மறுமாதம் அவர் தன் ஆயுசில் முதல்தரமாகக் கடையில் போய்ச் சட்னிக்கு ஒரு தேங்காய் வாங்கினார், கடைக்காரன் தட்டிப் பார்த்துக் கொடுத்ததை வாங்கித் தானும் ஒருதரம் தட்டிப் பார்த்தார். அப்படியே இரண்டு மணி நேரம் பேசினாள். ஒன்றுகூடப் பொய்யில்லை, ஒன்றுகூட மிகையில்லை, எந்த நடுவரும் அவளுக்குத்தான் கப்பைக் கொடுத்திருப்பார். ஷட்டர் ஒரு நூல் அசையவில்லை. அவள் எழுந்து முக்காலியால் அதை ஓங்கி ஒரு அடி அடித்தாள். முக்காலியின் கால் ஒடிந்தது.

அந்தச் சத்தத்தில் வீடு விழித்துக்கொண்டது, விழித்ததோடு ஒரு முடிவுக்கும் வந்தது. கொடுத்த வண்டி உபயோகத்துக்கு வரவில்லை; ஒன்று, சம்மந்தி வேறு வண்டி எடுத்துத் தரட்டும், இல்லையென்றால் பெண்ணை அழைத்துக்கொண்டு போகட்டும். நாச்சிமுத்து அப்போதே தண்டபாணிக்குப் போன் போட்டு, நாளைக்குக் காலையில் வரச் சொன்னார். அவர் வைத்த பிறகு கோகிலவாணி மாடிக்குப் போய்த் தன் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்ப்பா, வந்து ஷட்டர் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அவர்கள் கேட்டதை, நீங்கள் விற்றதை, அவ்வளவு போதும் என்றாள். தண்டபாணி 'ம்' என்றார். சரி என்பதற்கும் அவர் அதைத்தான் சொல்வார், தலைவலிக்கும் அதைத்தான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குத் தண்டபாணி டவுன் பஸ்ஸில் வந்து ஷட்டர் வீடு என்று கேட்டு இறங்கினார். வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு பை வாழைப்பழம். வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள், மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கு ஆறு; தண்டபாணிக்குப் போடவில்லை. நவநீதன் ரிமோட்டோடு படியில் நின்றான். கைக்குழந்தைக்காரிகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார்கள். கீரைக்காரம்மா விலகவில்லை. கிரீஸ் டப்பாவைத் திரும்ப எடுத்துப்போக வந்த பாயும் போகவில்லை.

நாச்சிமுத்து பேச்சை ஆரம்பித்தார். உங்கள் பெண் என்னென்னவோ பேசுகிறது, வீதியே எங்களைத் திருட்டுக் கும்பல் மாதிரிப் பார்க்கிறது, ஆகவே எல்லோருக்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் சம்மந்தி, நாங்கள் ஏதாவது கேட்டோமா என்றார்.

தண்டபாணி மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், சொல்லுங்கள் என்று. அவள் கழுத்தில் கிடந்த புது மஞ்சள் கயிற்றை அவர் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனால் நெகமம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு போய்ச் சேரும் வரைக்கும் கேட்க வேண்டிய கேள்விகளைப் பார்த்தார். பிறகு வாழைப்பழப் பையைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. நானாப் பிரியப்பட்டு, எம்புள்ளைக்கு நாஞ் செஞ்சேன்."

ஷட்டர் இறங்கியது. ஒரு பட்டை இல்லை, ஒன்பது பட்டை. சாக்பீஸ் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குள் போவதை வீதியே பார்த்தது. மேலே பெட்டிக்குள் உருளை காலியாகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் மொத்த ஷட்டரும் பூமிக்குள் போய்விடும், போன பிறகு ஷெட்டுக்கு வாசல் இருக்குமா, கதவே இல்லாத ஒரு சுவர் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது என்றார் பாய், முதல்முறையாகப் பயந்த குரலில்.

கோகிலவாணிக்கு அப்பாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. என்னை இங்கே விட்டு வைப்பதற்காகப் பொய் சொல்கிறீர்களே, அதற்கு உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடி நின்றது. ஏனென்றால் அந்தக் கேள்வி அவள் தொண்டைக்குள் ஒரு சுற்று சுற்றி, அவளைப் பார்த்தே திரும்பி நின்றது. நேற்று இரண்டு மணி நேரம் பேசினதில் எல்லோருடைய கணக்கும் இருந்தது, ஒரு ஆளுடையது தவிர.

அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், ஷட்டரின் மேல், மாமனார் அன்றைக்குக் கை வைத்த அதே இடத்தில் கை வைத்தாள்.

"தோப்பை விக்கறதுக்கு முந்தின நாள் அப்பா எங்கிட்டத்தான் வந்து கேட்டாரு. வேண்டாம்னா சொல்லு அம்மிணி, சம்மந்தமே வேண்டாம்னு சொல்லிப் போட்டு வந்தர்றேன்னாரு. காலேஜ்ல வரதட்சணைக்கு எதிராப் பேசி மூணு கப்பு வாங்கினவ நான். வேண்டாம்னு சொல்லல. எனக்கும் ஆசையா இருந்துச்சு. வெள்ளை வேண்டாம்ப்பா, சிவப்பு எடுங்கன்னு சொன்னேன்."

தரைக்குள்ளிருந்து ஒரு எண் மேலே வந்தது. பிறகு இன்னொன்று. பாய் எழுதி, ஒன்றரை மாதமாகத் தரைக்குள் போன எண்கள் அத்தனையும், ஈரம்கூடப் படாமல், தலைகீழ் வரிசையில் எழுந்து வந்தன. கடைசியில் ஒன்றாம் எண் வந்தது. அதற்கும் கீழே ஷட்டரின் அடிச்சட்டம் தரையை விட்டுக் கிளம்பி, ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் நின்றது. ஒன்றரை மாதத்துச் சம்பங்கி வாடை வெளியே வந்தது. கார் வருகிற உயரமில்லை. படுத்தால் ஒரு ஆள் போகிற உயரம்.

வண்டி வேலை செய்கிறவர்கள் அட்டையைப் போட்டு அதன்மேல் படுத்து வண்டிக்கு அடியில் போவதைக் கோகிலவாணி பார்த்திருக்கிறாள். அவள் வீட்டுக்குள் போனாள். கூடத்தில், கல்யாண மேடையில் கொடுத்த கார்ச் சாவி மாட்டியிருந்தது; ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டி, தங்கக் காகிதம் ஒட்டி, அதை அவளும் அப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க, போட்டோக்காரர் சிரிக்கச் சொல்ல, அவள் சிரித்த அதே சாவி. அதைச் சுவரிலிருந்து எடுத்து வந்து, தரையில் போட்டு, அதன்மேல் மல்லாக்கப் படுத்து, குதிகாலால் உந்தி உள்ளே போனாள். வசந்தாமணி மட்டும், "சாவியக் கசக்கிப் போடாத," என்றாள், பழக்கதோஷத்தில்.

உள்ளே இருட்டில் காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் பை முதலில் வெளியே வந்தது, பிறகு அவள் தலை, தோள். அவள் பாதி வெளியே, பாதி உள்ளே இருக்கும்போதுதான் நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போனது. தான் எட்டு நாற்காலி போட்ட வாசலில், ஊருக்கு முன்னால் தன் மருமகள் கார் கதையைச் சொல்ல, ஷட்டர் எழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அவர் எழுந்து, வீதிக்கு முகத்தைத் திருப்பி, கையை ஓங்கினார்.

"யாரு என்ன வேணாலும் பேசிக்குங்க. நாங்க ஒண்ணுமே கேக்க..."

ஷட்டர் நடுங்கியது. அடிச்சட்டம் ஒரு பட்டை இறங்கி அவள் வயிற்றின் மேல் உட்கார்ந்தது. அவள் கத்தவில்லை, மூச்சுதான் வெளியே போனது, திரும்ப உள்ளே வரவில்லை. பாய் ஓடிப்போய்ச் சட்டத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தார், கடப்பாரை வளைந்தது. தண்டபாணி தரையில் விழுந்து இரண்டு கையாலும் தாங்கினார். வாக்கியத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அது முடிந்தால் என்ன ஆகும் என்று வீதியில் அத்தனை பேருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், ஆனால் அவர் முப்பது கல்யாணத்தில் கேட்டும் சொல்லியும் பழகின வாக்கியம் அது, பாதியில் நிறுத்த அவர் வாய்க்குத் தெரியவில்லை.

வசந்தாமணி எழுந்து, புருஷனின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் அவரை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இப்போது இடது கையால் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மீசையோடு சேர்த்து வாயை அமுக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் ஷட்டரைப் பார்த்துக் கத்தினாள்.

"வண்டி வேணும்னு கேட்டது நாந்தான். அவளுக்குத் தெரியாம அவளோட அப்பனுக்குப் போன் பண்ணி, வண்டி வரலீன்னா மண்டபத்துக்கு நாங்களும் வரலீன்னு சொன்னது நாந்தான். என்னையக் கட்டிக் குடுக்கறப்ப எங்கப்பங்கிட்டயும் இப்பிடித்தான் கேட்டாங்க, அந்தக் கடுப்பு எனக்கு."

ஷட்டர் எழுந்தது. இடுப்புயரத்துக்கு எழுந்து நின்றது. எதிர்வீட்டு மாடியில் மாரப்பன் மனைவி துணி காயப்போடுவதை நிறுத்தியிருந்தாள்.

கோகிலவாணி எழுந்து உட்கார்ந்து, இருமி, பையைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. புடவையில் முன்பக்கம் முழுக்கக் கிரீஸ் கோடு. வசந்தாமணி கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதே பழைய குரலில், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஐந்து மணி உனக்காக நிற்குமா, திரும்ப வருவதாக இருந்தால் சொல்லிவிட்டு வா என்றாள். அதில் அன்பு இருந்ததா என்று கோகிலவாணி தேடவில்லை. தேடுவதற்கு நேரமுமில்லை. தண்டபாணி வாழைப்பழப் பையை எடுத்துக்கொண்டார்; யாருக்கும் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கார் வெளியே வர இன்னும் இரண்டு முழம் வேண்டும். ஒரு முழம் யாருடையது என்பது நாற்காலியில் வாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னொன்று யாருடையது என்று பார்க்கக் கோகிலவாணி திரும்பினாள். நவநீதன் படியில்தான் நின்றான். அவள் பார்த்தாள், அவன் அம்மா பார்த்தாள், கீரைக்காரம்மா பார்த்தாள், வீதி மொத்தமும் பார்த்தது. அவன் உதடு லேசாகப் பிரிந்தது. முனையில் டவுன் பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டது, கண்டக்டர் ஷட்டர் வீடு, ஷட்டர் வீடு என்று கூவினார். கோகிலவாணி, பஸ் வந்து நின்று அதில் கால் வைக்கிற வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் ரிமோட்டை எடுத்து, ஷட்டரை நோக்கி நீட்டி, அமுக்கினான்.

மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.